மூன்றாவது மழைக்குப் பிறகும் பார்க்கும்படி இருக்க: குமரி மாவட்டத்தில் வீட்டின் வெளிச்சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி

ஷேடு கார்டைக் கையில் எடுப்பதற்கு முன் உங்கள் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். பெயின்ட் அடித்து மூன்று, நான்கு வருஷமான வீடுகளாகப் பாருங்கள். முன்பக்கத்தை விட்டுவிட்டு மேற்குச் சுவரையும் வடக்குச் சுவரையும் கவனியுங்கள். கைப்பிடிச்சுவரிலிருந்து கருப்பாக ஒழுகிய கோடுகள், சன்ஷேடுக்கு மேலே பச்சைப் பாசி, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை தெறித்த செம்மண், ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கிய துருக்கறை. இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு முதல் வருஷம்தான் டப்பாவில் வாங்கிய நிறம்; அதற்குப் பிறகு இந்த நான்கும் கலந்த நிறம். அதனால் எது அழகு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் சுவரில் எந்த அழுக்கு வரும், அது எந்த நிறத்தில் அதிகம் உறுத்தாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஊருக்கு ஓர் அழுக்கு

மாவட்டம் சிறியதுதான். ஆனால் சுவர் படும் பாடு ஊருக்கு ஊர் வேறு.

குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை பக்கம் ரப்பர் மர நிழல், மழையும் அதிகம். நனைந்த சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இங்கே முதல் எதிரி பாசியும் கரும்பூஞ்சையும். தூய வெள்ளை, இளம் கிரீம் இரண்டிலும் கருப்புக் கோடு பளிச்சென்று தெரியும். அதற்காகக் கரும்சாம்பலுக்குப் போனாலும் தப்ப முடியாது. உப்புப் பூத்தால் அதில் வெள்ளைத் திட்டு இன்னும் மோசமாகத் தெரியும். நடுத்தரமான, கொஞ்சம் அழுக்கேறியதுபோலவே தோன்றும் நிறங்கள்தான் இங்கே பிழைக்கும்: சாம்பல் கலந்த பச்சை, களிமண் சாம்பல், மங்கிய காக்கி. கார்டில் இவை சோகமாகத் தெரியும். மரங்களுக்கு நடுவே சுவரில் பார்த்தால் அப்படித் தெரியாது. இன்னொன்று, மர நிழலுக்குள் வரும் வெளிச்சமே பச்சை கலந்தது. எலுமிச்சை மஞ்சள் சாயல் கொண்ட கிரீம் அதில் நோயாளி முகம்போல ஆகிவிடும். துளி சிவப்போ பழுப்போ கலந்த வெளிர் நிறம் எடுத்தால் சரியாகத் தெரியும்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் உப்புக்காற்று. இரும்பு எங்கே இருந்தாலும் துரு வடியும். நீலம் கலந்த வெள்ளையில் துருக்கறை ரத்தம்போலத் தெரியும். ஐவரி, மணல் நிறம், வெளிர் பழுப்பு ஆகியவற்றில் பாதி மறைந்துவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி. மழை குறைவு என்பதால் பாசித் தொல்லையும் குறைவு. வெள்ளையை நம்பி அடிக்க மாவட்டத்தில் ஏற்ற இடம் இதுதான். ஆனால் டெக்ஸ்சர் வேண்டாம், ஒவ்வொரு குழியிலும் புழுதி உட்காரும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற இடங்களில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடென்றால் வண்டிப்புகை. அங்கே நிறத்தைவிட மினுமினுப்பு முக்கியம்: லேசான பளபளப்பு உள்ள எமல்ஷனில் அழுக்கு குறைவாக ஒட்டும், கழுவவும் வரும். பூச்சில் மேடுபள்ளம் இருந்தால் அந்தப் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்கு சுவருக்கும் ஒரே விதி இல்லை

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அந்த மாதங்களில் தெற்குச் சுவருக்கு நாள் முழுக்க வெயில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். வடக்குச் சுவருக்கு வெயில் கிடைக்க வேண்டிய மாதங்கள் அவைதான்; ஆனால் அதில் பாதிக்கு மேல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மேகம் மறைத்துக்கொள்ளும். ஆகவே தெற்குச் சுவர் வெளுக்கும், வடக்குச் சுவர் பாசி பிடிக்கும். மேற்குச் சுவருக்கு இரண்டும் உண்டு: ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் நேராக அடிக்கும், மழை விட்ட மாலைகளில் வெயில் சுடும்.

முன்பக்கத்துக்கு விலை கூடிய பெயின்ட், பக்கவாட்டுக்கு மலிவானது என்று பிரிக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. அடுத்த வீட்டுக்காரர் மட்டும் பார்க்கிற சுவர்தானே என்ற கணக்கு. பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கிழக்கில் பிடியுங்கள். வீடு எந்தத் திசை பார்த்திருந்தாலும், நல்ல பெயின்ட் போக வேண்டியது மேற்குச் சுவருக்கு. உள்ளறைக்குள் ஓதம் வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

அடர்நிறம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை எல்.ஆர்.வி. என்ற எண்ணால் சொல்வார்கள். சில கம்பெனிகளின் ஷேடு கார்டிலேயே அச்சிட்டிருக்கும். வெள்ளை 80-க்கு மேல், கரும்சாம்பல் 20-க்குக் கீழ். மேற்கிலும் தெற்கிலும் 50-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அடர்நிறச் சுவர் வெயிலில் சூடேறி விரிகிறது, திடீர் மழையில் சுருங்குகிறது. பூச்சில் தலைமுடி விரிசல் விழ அது ஒரு காரணம். விரிசலுக்குள் தண்ணீர் போனால் அப்புறம் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

நிறம் தேர்வதற்கு முன்னால் கறையை நிறுத்துங்கள்

பத்மநாபபுரம் அரண்மனையின் வெள்ளைச் சுவரையும் ஓட்டுக் கூரையையும் பார்த்து அதேபோல வேண்டும் என்று கேட்பவர்கள் அதன் கூரை இறவாரம் சுவரைத் தாண்டி எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே சுவரைக் காப்பது அந்த இறவாரம்தான். நாம் இப்போது கட்டுவது இறவாரமே இல்லாத பெட்டி வீடு. மழைத்தண்ணீர் முழுவதும் சுவர் வழியாகத்தான் இறங்கும். அந்த வெள்ளையை இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்தால் இரண்டு வருஷத்தில் வரிக்குதிரை.

சாரம் கட்டியிருக்கும்போதே கொத்தனாரை வைத்து மூன்று வேலையை முடித்துவிடுங்கள். கைப்பிடிச்சுவரின் மேல்பக்கம் மொட்டை மாடியை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். வெளியே சரிந்திருந்தால் அங்கே சேரும் கரி, இலைச்சாறு எல்லாம் முகப்பில் வடியும். சன்ஷேடின் அடியில், வெளி விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாக்கில் ஒரு காடி வெட்டுங்கள். தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லாவிட்டால் அடிப்பக்கம் வழியாக ஊர்ந்து சுவருக்கு வரும். மூன்றாவது, மேல்மாடி எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் நீட்டிவிட்ட கம்பிகள். மழைக்கு மழை துரு கரைந்து, தூண் இருக்கும் இடமெல்லாம் சிவப்புக் கோடு இழுக்கும். கம்பிகளை உரசிச் சுத்தம் செய்து சிமெண்ட் பால் தடவி, மேலே மெலிந்த கான்கிரீட்டில் மூடிவிடுங்கள். ஜன்னல் கிரில்லுக்குக் கடலோரம் என்றால் வெறும் ரெட் ஆக்சைடு போதாது. துத்தநாகப் பிரைமர் கேட்டு வாங்கி, இரண்டு கோட் எனாமல் அடியுங்கள். அடர் பழுப்பு அல்லது கருப்பு எனாமல் துருவைத் தடுக்காது. ஆனால் ஆரம்பத் துருவை மறைக்கும்.

எந்த நிறம் வெளுக்கும்

கடைக்காரர் சொல்லத் தயங்கும் விஷயம் இது. எல்லா நிறமும் வெயிலை ஒரேபோலத் தாங்காது. செங்காவி, மஞ்சள்காவி, பழுப்பு, கருப்பு, இவற்றின் சாம்பல் கலப்புகள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமியால் ஆனவை. அது மண்ணிலேயே கிடக்கும் பொருள். வெயில் அதை ஒன்றும் செய்யாது. கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே இழுக்கும் காவிப் பட்டை அதே பொருள்தான். அது மழையில் கரையலாம், வெயிலில் வெளுக்காது. மாறாக, பளிச்சென்ற ரோஸ், வயலெட், ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், தூக்கலான சிவப்பு ஆகியவை பெரும்பாலும் கரிம (ஆர்கானிக்) நிறமிகள்; அவற்றில் பல வெயிலில் வெளுக்கும். நீலத்திலும் பச்சையிலும் தாக்குப்பிடிக்கும் கரிம நிறமிகள் உண்டு. ரோஸும் வயலெட்டும் அந்த அளவு நம்பத்தக்கவை அல்ல. தோவாளைச் சந்தையில் பூக்கூடையைப் பார்த்து மயங்கி அந்த நிறத்தைத் தெற்குச் சுவருக்குக் கொண்டுவராதீர்கள்.

இதில் பலரும் எதிர்பார்க்காதது: அடர் ரோஸைவிட இளம் ரோஸ் சீக்கிரம் வெளுக்கும். இளநிறத்தில் நிறமி மிகக் கொஞ்சம். அது போய்விட்டால் மிச்சம் இருப்பது வெள்ளை. வெள்ளைக்குக் காரணமான டைட்டானியம் டை ஆக்சைடு வெளுக்காது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் எடுக்கிற கருமணலில் உள்ள இல்மனைட்டும் அந்த வெள்ளைத் தூளுக்கு ஒரு மூலப்பொருள்தான்.

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்த ஷேடு வெளிச்சுவருக்கு உரியதா; பல கார்டுகளில் உள்ளே மட்டும் பயன்படுத்த வேண்டியவற்றுக்குத் தனிக் குறி இருக்கும். இரண்டு, எந்த பேஸில், அதாவது நிறம் சேர்ப்பதற்கு முந்தைய எந்த அடிப்படைப் பெயின்டில் கலக்கிறார்கள். வெள்ளை பேஸில் வரும் ஷேடு இரண்டு கோட்டில் மூடும். அடர்நிறத்துக்கான பேஸில் வெள்ளை நிறமி மிகக் குறைவு என்பதால் அடியில் உள்ளதை மறைக்கும் சக்தியும் குறைவு. மூன்று கோட் ஆகும், விலையும் கூடும்.

மாற்ற முடியாததைப் பார்த்து மாற்றக்கூடியதைத் தேருங்கள்

ஓடு, கல், தேக்கு அல்லது அயினி மரக் கதவு, முற்றத்து டைல்ஸ், அலுமினிய ஜன்னலின் நிறம் எதையும் நீங்கள் பெயின்டோடு சேர்த்து மாற்றப்போவதில்லை. எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் நின்று பாருங்கள்; ஓட்டுத் துண்டு ஒன்றைக் கடைக்கே எடுத்துப் போவது இன்னும் நல்லது. செங்கல் நிற ஓட்டுக்குப் பக்கத்தில் ரோஸ், வயலெட், ஆரஞ்சு மூன்றும் சண்டை போடும். வெளிர் சாம்பல், மணல், பழுத்த வெள்ளை, ஆலிவ் பச்சை ஒத்துப்போகும்.

எத்தனை நிறம் என்பதில் தாராளம் வேண்டாம். உடல் சுவருக்கு ஒன்று, தூண், சன்ஷேடு, கைப்பிடிச்சுவர்ப் பட்டைக்கு ஒன்று, கதவு அல்லது ஏதாவது ஒரு சிறு பகுதிக்கு ஒன்று. மூன்றுக்கு மேல் போனால் வீடு தன்னுடைய வடிவத்தை இழந்துவிடும். பளிச்சென்ற நிறம் ஆசையென்றால் இந்த மூன்றாவது இடத்தில் வையுங்கள். வெளுத்தால் ஒரு லிட்டரில் மறுபடி அடித்துவிடலாம். சன்ஷேடின் அடிப்பக்கத்துக்கு எப்போதும் வெள்ளை. ஜன்னலுக்கு வெளிச்சம் கிடைக்கும், ஓதம் இறங்கினால் உடனே கண்ணில் படும்.

தரைமட்டத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டடி வரை பேஸ்மென்ட் பட்டை கட்டாயம். செம்மண் முற்றமென்றால் செங்காவி அல்லது அடர் பழுப்பு. கான்கிரீட், பேவர் பிளாக் போட்டிருந்தால் அடர் சாம்பல். அந்த உயரத்தில் வெளிர் நிறம் அடித்தால் முதல் மழையோடு சரி. காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டு நிறத்தை அப்படியே நீட்டாதீர்கள். அதற்கு இரு பக்கமும் தெறிப்பு, மேலே கூரையும் இல்லை. இரண்டு படி அடர்த்தியாகப் போங்கள்.

சுவரில் வைத்துப் பார்ப்பது

கார்டில் இருக்கும் சிறு சதுரத்தை நம்பி 60 லிட்டர் வாங்கக் கூடாது. வெளிர் நிறங்கள் நண்பகல் வெயிலில் வெள்ளையாகவே தெரியும். தூக்கலான நிறங்கள் பெரிய சுவரில் கத்தும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், கொஞ்சம் சாம்பல் கலந்த பக்கத்து ஷேடுக்கு நகர்வது.

மூன்று ஷேடுகளைப் பொறுக்கி, கிடைக்கும் மிகச் சிறிய அளவில் கலந்து வாங்குங்கள். பிரைமர் அடித்த சுவரில் மூன்றடிக்கு மூன்றடி கட்டமாக, இரண்டு கோட் அடியுங்கள். ஒரு கட்டம் மேற்கில், இன்னொன்று நிழல் விழும் சுவரில். சுற்றிப் பழைய நிறம் இருந்தால் கண்ணை ஏமாற்றும். கட்டத்தைச் சுற்றி ஒரு சாண் அகலம் வெள்ளைப் பிரைமர் விடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கொஞ்சம் அடர்த்தியாகும். அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, நண்பகலில், மாலை ஐந்துக்கு, அப்புறம் ரோட்டில் நின்று ஒரு தடவை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நனைந்த நிலையிலும் பாருங்கள். வருஷத்தில் பல மாதம் உங்கள் வீடு அப்படித்தான் தெரியப்போகிறது. கடைசியாக, கட்டத்தின் கீழ் ஓரத்தில் முற்றத்து மண்ணைக் கரைத்துத் தெளித்துக் காயவிடுங்கள். எந்த ஷேடில் அது குறைவாகத் தெரிகிறதோ அதற்கு ஒரு ஓட்டு.

அளவுக் கணக்கு

30 அடிக்கு 40 அடி, இரண்டு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 140 அடி, உயரம் 22 அடி; 3,080 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 370 கழித்தால் 2,710. கைப்பிடிச்சுவரின் உள்பக்கம் மூன்றடி உயரத்துக்கு 420 சேர்த்தால் 3,130. வழுவழுப்பான பூச்சில் ஒரு லிட்டர் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி வரும். அப்படியானால் 63 லிட்டர்: 20 லிட்டர் வாளி மூன்று, நான்கு லிட்டர் டப்பா ஒன்று. அடர்நிறம், மூன்று கோட் என்றால் 94 லிட்டர். பிரைமர் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 32 லிட்டர். சொரசொரப்பான பூச்சு, டெக்ஸ்சர் என்றால் எல்லாமே கூடும். சன்ஷேடுகளைத் தனியாக அளந்து சேருங்கள், மறந்துபோவது அதுதான்.

ஒரு நிறத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். வாளிக்கு வாளி மயிரிழை வித்தியாசம் இருக்கும். சுவர் நடுவில் வாளி மாறினால் கோடு தெரியும். ஒரு சுவருக்குத் தேவையானதை முதலில் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். தண்ணீர் கலப்பதை டப்பாவில் எழுதியிருக்கும் அளவோடு நிறுத்த வேண்டும். பெயின்ட் போதாமல் போனால் தண்ணீரைக் கூட்டுவது சுலபம். சுவர் சரியாக மூடாமல் திட்டுத் திட்டாகத் தெரிவது அதனால்தான்.

எப்போது அடிப்பது

கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்று நவம்பரில் சாரம் கட்டுவது இந்த மாவட்டத்தின் தீராத வியாதி. துலாம் மழையில் (வடகிழக்குப் பருவமழையில்) ஊறிய சுவரை எமல்ஷன் போட்டு மூடினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஜனவரி வெயிலில் ஆவியாகிப் பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும். எவ்வளவு நல்ல நிறமாக இருந்தும் என்ன பயன்? ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் சரியான காலம். ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். கட்டாயம் டிசம்பரிலேயே ஆக வேண்டுமென்றால் வாசல் பக்கத்துத் தூணையும் கேட்டையும் மட்டும் முடித்து, சுவரைத் தள்ளிவையுங்கள்.

சுவர் காய்ந்ததா என்று அறிய, இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் காத்திருங்கள். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள்; அதற்குள் அடித்தால் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்று திட்டாக்கும், அடர் நிறங்களில் அது நன்றாகவே தெரியும். பழைய சுவரில் பாசி இருந்தால் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, 20 நிமிஷம் விட்டு, தேய்த்துக் கழுவுங்கள். ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். பாசியைக் கொல்லாமல் மேலே அடித்தால் அடுத்த மழைக்குள் அது பெயின்டைத் துளைத்துக்கொண்டு வரும். உப்புப் பூத்த இடத்தில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், ஓதம் வரும் வழியை அடையுங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுதும் சுரண்டுங்கள். செல்லோ டேப்பை ஒட்டி இழுத்தால் மாவு வராத வரை. வெளிச்சுவர் முழுக்கப் பட்டி பார்க்க வேண்டாம். இந்த மழைக்கு முதலில் உரிவது பட்டிதான். குழி உள்ள இடத்துக்கு மட்டும் வெள்ளைச் சிமெண்ட் பட்டி போதும்.

கோட்டுக்குக் கோட் நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி. சாரக் குழி அடைத்த இடங்களைத் தொடும்போது அதே வாளிப் பெயின்டை, சுவருக்குப் பயன்படுத்திய அதே ரோலரால் தொடச் சொல்லுங்கள். பிரஷால் தொட்டால் மாலை வெயிலில் பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லிட்டரை இறுக மூடி நிழலில் எடுத்து வையுங்கள். பெயின்டின் பெயர், ஷேடு எண், பேஸ், அடித்த மாதம் நான்கையும் கரண்டு மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள். டப்பா தொலைந்துபோகும், பில்லைக் கரையான் தின்னும், அந்தக் கதவு அங்கேயே இருக்கும்.